பத்துமலைக் குரங்கு பாட்டன் அல்ல, பங்காளி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்ந்துகொண்டு பத்துமலைக்குப் போகாத தமிழரைக் காண்பது அரிது. பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர் பக்கத்தில் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் மலையடிவாரத்திலேயே இறங்கிவிடலாம். கிள்ளானில் இருந்து வேன் பிடித்துக் குடும்பத்தோடு வருகிறவர்களும் உண்டு. 272 படிகள், பால்குடம், காவடி, பக்தர் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடும் குரங்குகள்.

அந்தக் குரங்குகளைப் பார்த்ததும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அப்பா, மனுஷன் குரங்குல இருந்துதானே வந்தான்? அப்ப இந்தக் குரங்கெல்லாம் ஏன் இன்னும் குரங்காவே இருக்கு?"

நியாயமான கேள்விதான். பல அப்பாக்கள் சிரித்து மழுப்பிவிடுவார்கள். உண்மையில் பிழை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பிழையைத் திருத்திவிட்டால் உயிரினங்களை எப்படிப் பிரிக்கிறார்கள், ஏன் அப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி, நூறு ஆண்டுகளுக்கு முன் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களின் உயிரோடு சம்பந்தப்பட்டது.

உறவுமுறை தெரிந்தால் போதும்

தமிழருக்கு உறவுமுறையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியப்பா மகனை யாரும் தாத்தா என்று அழைப்பதில்லை. அவருக்கும் உங்களுக்கும் தாத்தா ஒருவர்தான். நீங்கள் இருவரும் பங்காளிகள்.

குரங்கின் கதையும் அதுவே. பத்துமலையில் இருப்பது நீண்ட வால் கொண்ட மக்காக் இனம். அதற்கும் மனிதனுக்கும் பொதுவான மூதாதை ஒன்று, ஏறத்தாழ இரண்டரைக் கோடி முதல் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தது. அது இன்றைய மக்காக்கும் அல்ல, மனிதனும் அல்ல. அதன் வாரிசுகள் இரண்டு கிளைகளாகப் பிரிந்தன. ஒரு கிளையில் மக்காக் போன்ற வால் குரங்குகள் வந்தன. இன்னொரு கிளையில் வாலில்லாக் குரங்குகளும் மனிதனும் வந்தார்கள். ஆகவே, "குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது?" என்று கேட்பது, "நாங்கள் இருக்கும்போது பெரியப்பா குடும்பம் ஏன் இன்னும் இருக்கிறது?" என்று கேட்பதற்குச் சமம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஃபிரேசர் மலைக் காட்டில் காலையில் தொண்டையை உப்பவைத்துக் கூவும் கரிய சியாமாங்கைப் பலர் கேட்டிருப்பார்கள். பார்த்தவுடன் எல்லோரும் "குரங்கு" என்றுதான் சொல்வோம். ஆனால் அதற்கு வால் கிடையாது. அது வாலில்லாக் குரங்குக் கிளையைச் சேர்ந்தது. பத்துமலைக் குரங்கைவிட அதற்கு நெருங்கிய சொந்தம் மனிதன்தான். தோற்றம் ஒன்றைச் சொல்கிறது, வம்சாவளி வேறொன்றைச் சொல்கிறது.

மீன் கடையும் தொல்காப்பியமும்

மனிதன் பேசத் தொடங்கிய நாளிலிருந்தே உயிர்களை வகைபிரித்து வருகிறான். பாசாருக்குப் போனால் மீன்காரர் ஒரே பலகையில் மீன், இறால், நண்டு, சோத்தோங் எல்லாவற்றையும் வைத்திருப்பார். கடலில் கிடைப்பவை, சமையலுக்கு ஆகுபவை என்பது அவருடைய கணக்கு. வியாபாரத்துக்கு அது சரி. வம்சாவளிக் கணக்கில் அது நிற்காது. இறாலுக்கு மீன் உறவல்ல. அடுப்பங்கரையில் ஓடும் கரப்பான்பூச்சிதான் அதற்குச் சொந்தம். இரண்டும் கணுக்காலிகள். சோத்தோங்கோ நத்தையின் சொந்தக்காரர்.

தமிழில் மிகப் பழைய பகுப்பு தொல்காப்பியத்தில் இருக்கிறது. பொருளதிகாரத்தின் மரபியலில் உயிர்கள் அறிவின் அடிப்படையில் ஆறு வகையாகப் பிரிக்கப்படுகின்றன. புல்லும் மரமும் ஓரறிவு. நத்தை முதலியவை ஈரறிவு. கறையானும் எறும்பும் மூவறிவு. நண்டும் தும்பியும் நான்கறிவு. விலங்குகள் ஐந்தறிவு. மனிதன் ஆறறிவு. தொடுதல், சுவைத்தல், முகர்தல் என்று புலன்களைக் கொண்டு உயிர்களை ஆராய்ந்த கூர்மை வியக்கத்தக்கது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொல்காப்பியர் காட்டுவது ஏணி. எந்த உயிருக்கு எத்தனை அறிவு என்பது அவருடைய கேள்வி. எது எதற்குச் சொந்தம் என்பது அங்கே கேட்கப்படவே இல்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றின் விடையை மற்றதற்குப் பொருத்தி, பரிணாமக் கொள்கையை அன்றே சொல்லிவிட்டார்கள் என்று பெருமை பேசுவது இரண்டுக்கும் செய்யும் அநியாயம்.

இன்று உலகம் முழுவதும் பயன்படும் இரட்டைப் பெயர் முறையை நிலைநிறுத்தியவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். முதற்பெயர் பேரினத்தையும் அடுத்த பெயர் சிற்றினத்தையும் குறிக்கும். விலங்குகளுக்கு இம்முறை முழுமையாக வந்தது 1758-ல் வெளியான அவருடைய நூலின் பத்தாம் பதிப்பில். அதில் மனிதனையும் குரங்கையும் ஒரே வரிசையில் வைத்தார். திமிங்கலத்தை மீன் கூட்டத்திலிருந்து எடுத்துப் பாலூட்டிகளோடு சேர்த்தார். வௌவாலை மட்டும் மனிதனும் குரங்கும் இருந்த வரிசையில் வைத்துவிட்டார். அவர் பார்த்தது உடல் ஒற்றுமையை. அந்த ஒற்றுமை ஏன் வருகிறது என்பதற்கு அப்போது விடை இல்லை.

விடை நூறு ஆண்டுகள் கழித்து வந்தது. அதில் ஒரு பகுதி நம் நாட்டு மண்ணில் எழுதப்பட்டது. 1854-ல் சிங்கப்பூரில் வந்திறங்கிய ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், மலாக்காவில் பூச்சிகளும் பறவைகளும் சேகரித்துவிட்டுச் சரவாக் போனார். புதிய இனம் ஒவ்வொன்றும், தனக்கு நெருங்கிய பழைய இனம் ஒன்று ஏற்கெனவே இருந்த இடத்திலும் காலத்திலுமே தோன்றுகிறது என்ற கட்டுரையை 1855-ல் அங்கிருந்துதான் எழுதினார். 1858-ல் அவரும் சார்ல்ஸ் டார்வினும் தனித்தனியே கண்ட விளக்கம் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு டார்வினின் நூல் வந்தது. உடல் ஒற்றுமைக்குக் காரணம் இரத்த உறவு என்பது அப்போதுதான் தெளிவானது.

இருட்டுக் குகையின் பழங்குடி

கோயில் குகைக்குச் சற்றுக் கீழே இருட்டுக் குகை இருக்கிறது. 2019 வரை வழிகாட்டியோடு உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. அதன் சுவரில் பட்டு நூலால் குழாய் கட்டி, வாசலுக்கு ஒரு மூடியும் செய்து, உள்ளே காத்திருக்கிறது ஒரு சிலந்தி. வாசலில் இருந்து சில நூல்கள் விசிறி போல் வெளியே பரவியிருக்கும். கரப்பானோ வேறு பூச்சியோ அந்த நூலில் கால் இடறினால் போதும், மூடியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து பிடித்துவிடும்.

1923-ல் ஏபிரஹாம் என்ற ஆய்வாளர் இதற்கு லிஃபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்று பெயர் வைத்தார். பெயரிலேயே பத்துமலை இருக்கிறது. பத்துமலையையும் அதன் சுற்று வட்டாரத்தையும் தவிர உலகில் வேறெங்கும் இந்தச் சிலந்தி அறியப்படவில்லை.

இதன் சிறப்பு வயிற்றில் இருக்கிறது. வீட்டுச் சுவரில் ஊரும் சிலந்தியின் வயிறு வழுவழுப்பான பை போல இருக்கும். இதன் வயிற்றின் மேலோ தேளுக்கு இருப்பதைப் போல அடுக்கடுக்கான தகடுகள். நூல் சுரக்கும் உறுப்பும் வால்பக்கம் இல்லை, வயிற்றின் நடுவில் இருக்கிறது. சிலந்திகளின் முன்னோர்களுக்கு உடல் அப்படித்தான் இருந்தது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பாறைகளில் இதே வகை உடலமைப்புள்ள சிலந்தியின் புதைபடிவம் கிடைத்திருக்கிறது.

அதனால் இதை "வாழும் புதைபடிவம்" என்று அழைக்கிறார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கும் இந்தப் பெயர் கொஞ்சம் ஏமாற்றவும் செய்யும். மற்ற சிலந்திகள் முன்னேறிவிட்டன, இது மட்டும் பின்தங்கிவிட்டது என்று தோன்றும். "பரிணாம வளர்ச்சி" என்ற சொல்லில் உள்ள "வளர்ச்சி"யும் இதே தவறான எண்ணத்தைத்தான் தருகிறது. பரிணாமத்துக்கு மேல் வகுப்பு, கீழ் வகுப்பு கிடையாது. இந்தச் சிலந்தியின் கிளையும் அதே 30 கோடி ஆண்டுகளாக மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. பினாங்கில் இதன் பங்காளி இனம் ஒன்று உண்டு, 1849-லேயே பெயர் பெற்றது. பேராக்கில் கந்தான் குன்றில் இன்னொன்று, 1997-ல் பெயர் பெற்றது. பழைய வீட்டு அமைப்பை மாற்றாமல் வைத்திருக்கும் குடும்பத்திலும் புதிய பிள்ளைகள் பிறக்கத்தானே செய்கிறார்கள்?

ஒரு குன்று, ஒரு தீவு

குன்றுக்குக் குன்று வேறு இனம் எப்படி வருகிறது? சுண்ணாம்புக் குன்றை நம்பி வாழும் சிற்றுயிருக்கு அந்தக் குன்று ஒரு தீவு. சுற்றியிருக்கும் சமவெளியைத் தாண்டி அடுத்த குன்றுக்குப் போவது, நீச்சல் தெரியாதவன் கடலைத் தாண்டுவதைப் போன்றது. பிரிந்துபோன இரு கூட்டங்களும் தங்களுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்கின்றன. ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுவில் சிறு சிறு மாற்றங்கள் தற்செயலாக நேர்கின்றன. இருக்கும் இடத்துக்கு ஒத்துவரும் மாற்றம் உள்ளவை அதிகம் பிழைத்து, அதிகம் குட்டி போடுகின்றன. இதற்குப் பெயர்தான் இயற்கைத் தேர்வு. பல்லாயிரம் தலைமுறைகள் போனபின் இரு கூட்டங்களும் மீண்டும் சந்தித்தாலும் சம்பந்தம் செய்துகொள்ள முடியாத அளவுக்கு வேறுபட்டுவிடுகின்றன. அப்போது ஓர் இனம் இரண்டாகிவிட்டது.

2014-ல் பத்துமலையில் ஒரு புதிய பல்லி இனம் கண்டறியப்பட்டது. முதுகெலும்புள்ள பிராணிகளில் பத்துமலைக்கு மட்டுமே உரியது இது ஒன்றுதான். மாநகரின் ஓரத்தில் இருப்பதால் சிர்ட்டோடாக்டைலஸ் மெட்ரோபோலிஸ் என்று பெயர். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் ஏறி இறங்கும் மலையில், 2014 வரை பெயரே இல்லாத ஒரு பிராணி வாழ்ந்து வந்திருக்கிறது.

கிள்ளான் கொசு கற்றுத்தந்த பாடம்

"சரி, சிலந்திக்கும் பல்லிக்கும் பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?" என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்விக்குக் கிள்ளானின் வரலாறு பதில் சொல்லும்.

1901-ல் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளானில் பொறுப்பேற்றார். இன்று போர்ட் கிள்ளான் என்று அழைக்கப்படும் துறைமுகம், போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் அதே ஆண்டு திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சலில் ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். துறைமுகத்தை மூடவேண்டிய நிலை வந்தது. கொசு மூலம்தான் மலேரியா பரவுகிறது என்பதற்கான அடிப்படையை ரோனல்ட் ரோஸ் 1897-ல் இந்தியாவின் செகந்திராபாத்தில் கண்டுபிடித்திருந்தார். அதை நம்பி வாட்சன் காட்டை வெட்டினார், சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார். காய்ச்சல் குறைந்தது. கிள்ளானும் துறைமுகமும் பிழைத்தன.

அடுத்து வந்தது ரப்பர் காலம். தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். கடலோரச் சமவெளித் தோட்டங்களில் வாட்சனின் வழி பலித்தது. உள்நாட்டு மலைப்பாங்கான தோட்டங்களிலோ நிலைமை தலைகீழ். காட்டை வெட்டி, ஓடைகளைத் திறந்து வெளிச்சம் படச் செய்தால் காய்ச்சல் குறையவில்லை, கூடியது. லயன்களில் தமிழர்கள் அடுத்தடுத்து மாண்டார்கள்.

காரணம், இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே கொசு அல்ல. கடலோரத்தில் காய்ச்சலைப் பரப்பியது அனோஃபிலஸ் அம்ப்ரோசஸ் என்ற இனம். அதன் பெயருக்கே நிழல் என்றுதான் பொருள். நிழல் விழும் சதுப்பு நீரில் முட்டையிடும். மரத்தை வெட்டி நீரை வடித்தால் அதற்கு வாழ இடமில்லை. மலைப்பகுதியில் இருந்ததோ அனோஃபிலஸ் மாக்குலாட்டஸ். அதற்கு வெயில் படும் தெளிந்த ஓடைநீர் வேண்டும். காட்டை வெட்டியவர்கள் தெரியாமலே அதற்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

கண்ணுக்கு இரண்டும் கொசுதான். ஒன்றுக்கு மருந்தானது மற்றதற்கு விருந்தானது. இனத்தைப் பிரித்தறிந்த பிறகுதான் மலைத் தோட்டங்களுக்கு வேறு வழி பிறந்தது. ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்து விட்டார்கள், நீரின் மேல் எண்ணெய் தெளித்தார்கள். அதன் பிறகே சாவுகள் குறையத் தொடங்கின. பூச்சியியல் பெட்டியில் ஊசியால் குத்தி வைக்கப்பட்ட இரண்டு கொசுக்களுக்கு இடையிலான வேறுபாடு, தோட்டத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் தழைப்பதா அழிவதா என்பதைத் தீர்மானித்தது.

நுண்ணோக்கி ஏமாந்த இடம்

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணியிலும் பல இனங்கள் உண்டு. சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், பலருக்கு இருப்பது அவ்வளவாக ஆபத்தில்லாத மலேரியே என்ற இனம் என்று எழுதி வைத்தார்கள். ஆனால் நோயின் போக்கு அதற்குப் பொருந்தவில்லை. மலேசியா சரவாக் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பல்பீர் சிங்கும் அவர் குழுவினரும் மரபணுவைச் சோதித்தார்கள். 2004-ல் முடிவு வெளிவந்தது. சோதித்த 208 மலேரியா நோயாளிகளில் 120 பேரிடம் இருந்தது நொலேசி என்ற இனம், அதாவது குரங்கு மலேரியா.

நுண்ணோக்கியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். ஆனால் மலேரியே 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். நொலேசி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். சிகிச்சை தாமதமானால் உயிருக்கே ஆபத்து. பெயர் மாறி எழுதப்பட்டால் விலை அவ்வளவு.

இந்த ஒட்டுண்ணியைக் காட்டில் சுமந்து திரிவது யார் தெரியுமா? பத்துமலைப் படிகளில் இருப்பதும் அதே இனம்தான், நீண்ட வால் மக்காக். படியில் குரங்கைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. காட்டில் வாழும் குறிப்பிட்ட கொசுக்கள் கடித்தால்தான் இது பரவும். ஆனால் குரங்கின் ஒட்டுண்ணி மனித இரத்தத்திலும் குடியேற முடிகிறதே, அதுவே உறவு நெருக்கத்துக்கு ஒரு சாட்சி. பங்காளி வீட்டுச் சாவி நம் வீட்டுப் பூட்டுக்கும் பொருந்துகிறது. மனிதனிடமிருந்து மனிதனுக்கு உள்நாட்டிலேயே பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவில் பதிவாகவில்லை. குரங்கு மலேரியாவோ அதன் பிறகும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கி வந்திருக்கிறது.

இயற்கைத் தேர்வு மருந்தையும் விட்டுவைப்பதில்லை. குளோரோகுயின் மாத்திரை மலேரியாவை ஒழித்துவிடும் என்று நம்பியிருந்தபோது, 1950-களின் இறுதியில் தாய்லாந்து–கம்போடியா எல்லையில் அதற்கு அசையாத ஒட்டுண்ணிகள் தலைகாட்டின. அவை மருந்தைப் "பழகிக்கொள்ளவில்லை". கோடிக்கணக்கானவற்றில் தற்செயலாகத் தாங்கும் தன்மை பெற்ற சில, மற்றவை செத்தபோது பிழைத்துப் பெருகின. அவ்வளவுதான்.

வௌவால் தைத்த நூல்

பத்துமலைக்கும் கிள்ளான் கடலோரத்துக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. குகையில் வாழும் தேனுண்ணும் வௌவால்கள் இரவில் கடலோர அலையாத்திக் காடுகள் வரை பறந்து, அங்குள்ள மரங்களின் பூக்களில் தேன் குடித்துத் திரும்புகின்றன என்று 1970-களின் ஆய்வுகள் காட்டின. அதே வௌவால்தான் டுரியான் பூவுக்கும் மகரந்தம் சேர்க்கிறது. பறப்பதால் அது பறவையாகிவிடாது. அதன் சிறகை விரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை ஐந்து விரல்களின் எலும்புகள். உங்கள் கையில் இருக்கும் அதே எலும்புகள், நீண்டு மெலிந்தவை. டுரியான் கடையில் பேரம் பேசுகிறவர், குகையில் தொங்கும் இந்தத் தூரத்துச் சொந்தத்துக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்.

இந்தச் சொந்தங்களுக்கு ஆபத்தில்லாமல் இல்லை. பகாங்கில் புக்கிட் பஞ்சிங் என்ற சுண்ணாம்புக் குன்று இருந்தது. அதில் மட்டுமே வாழ்ந்தது ஒரு சின்னஞ்சிறு நத்தை. கல்லுடைத்துக் கல்லுடைத்துக் குன்றே இல்லாமல் போனது. நத்தையும் அற்றுப்போன இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. பத்துமலையின் ஓரத்திலும் ஒரு காலத்தில் கல்லுடைத்தார்கள். அது நின்றதால்தான் குகையும் சிலந்தியும் பல்லியும் இன்று இருக்கின்றன. ஒரு குன்றுக்கு மட்டுமே உரிய இனம் அந்தக் குன்றில் அழிந்தால், உலகத்திலேயே அழிந்ததாகத்தான் பொருள். அதன் பின்னால் உள்ள கோடிக்கணக்கான ஆண்டு வம்சாவளியும் அத்தோடு அறுந்துவிடும்.

ஆகவே, அடுத்த முறை உங்கள் பிள்ளை படியில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டால் மழுப்ப வேண்டாம். "குரங்கு நமக்குத் தாத்தா இல்லையப்பா, ரொம்பத் தூரத்துப் பங்காளி" என்று சொல்லுங்கள். எந்தப் பங்காளி எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்ப்பதுதான் உயிரியல் வகைப்பாடு என்பதையும் சொல்லுங்கள். அந்தக் கணக்கு தெரியாத காலத்தில் கொள்ளுத்தாத்தாக்கள் காய்ச்சலில் போனார்கள், தெரிந்த பிறகு பிழைத்தார்கள் என்று சேர்த்துச் சொன்னால், பிள்ளை அதை மறக்காது.